இரவு டேட்டா

பன்னிரண்டு மணிக்குப் பிறகு டேட்டா மலிவு.
மல்லாவியில் எங்கள் வளவுக்குள் சிக்னல் ஒரு கோடுதான்,
அதுவும் கிணற்றடியில், காற்றைப் பொறுத்து.
ஆகவே வவுனிக்குளக் கட்டில் ஏறுகிறோம்,
ஆளுக்கொரு பாய், ஒரு நுளம்புத்திரி,
சார்ஜ் நிறைந்த போன்.

யதுசிகாவுக்குப் பதினேழு.
பதினைந்து விநாடிக்கு மேல் எந்தப் பாட்டையும் நம்பமாட்டாள்.
கொரியப் பெடியளின் ஆட்டத்தில் தொடங்கி
பெருவிரலால் தள்ளித் தள்ளி
எவளோ ஒரு ஐஸ்லாந்துக்காரியின் மூச்சில் போய் நிற்பாள்.
"இது ஆர்?"
"தெரியாதக்கா, வந்தது."
மழை வந்தது, பஸ் வந்தது மாதிரி.

ஜெசிந்தா அக்காவுக்கு ஆள் சொல்லவேணும்.
லா சப்பலில் கடை வைத்திருக்கும் மச்சாள்
வாட்சப்பில் அனுப்பினால்தான் பாட்டு.
"பரிஸில எல்லாரும் இதைத்தான் கேக்கினமாம்."
எல்லாரும் என்றால் மச்சாளும் புருசனும்.

டிலக்சன் உழவு மெஷின் ஓட்டுகிறவன்.
ட்ரம்ஸ்காரனின் பெயரைப் பிடித்து,
அவன் வேறெந்தக் குழுவில் அடித்தான்,
அங்கே கிற்றார் ஆர், அவன் பிறகு எங்கே போனான் என்று
வேலி வேலியாய் மாடு தேடுவதுபோல் போவான்.

நான் ரீலோட் கடை.
தேடுவதில்லை.
பக்கத்துப் பாயில் இயர்போனிலிருந்து கசிவதைக் கேட்பேன்.

சௌந்தரலிங்கம் மாமா அறுபத்தொன்று. எழுதித் தேடுவார்.
ஒருநாள் மழைப் பாட்டு என்று எழுதப்போய்
மலைப் பாட்டு என்று எழுதிவிட்டார்.
ஆடு மேய்க்கிறவர்கள் வந்தார்கள், பனி வந்தது,
பள்ளத்தாக்குக்குக் குறுக்கே கூப்பிடும் குரல்கள் வந்தன.
பிழையைத் திருத்தவில்லை.
மழையை அதோடு விட்டுவிட்டார்.

போன மாசி, தேய்பிறை.
கட்டுக்குக் கீழே கோரை முறியும் சத்தம்.
"அலியன்! வெளிச்சத்தை நூருங்கோ!"
ஐந்து முகங்களும் இருளாயின.
எழும்பிய அவதியில் மாமாவின் இயர்போன் கழன்றுவிட்டது.
இருட்டுக்குள், தன்பாட்டில்,
அடுத்தது தொடங்கியது.

ஒரு பெண்.
கம்பியில் நகம் படுகிற ஓசை.
எந்தப் பாசையோ.
நிற்பாட்ட வேண்டுமென்றால் திரையைத் தொடவேண்டும்,
தொட்டால் வெளிச்சம்.
ஆகவே ஒருத்தரும் தொடவில்லை.
டிலக்சன் என் தோளில் தாளம் எண்ணினான்,
ஒன்பது, இல்லை பதினொன்று, விட்டுவிட்டான்.
யதுசிகா முதல்முறையாக
ஒரு பாட்டை முழுதாகக் கேட்டாள்.
வேறு வழியில்லை.

அலியன் போனது.
பாட்டுக்காகப் போனதென்று சொல்லமாட்டேன்.
அந்தப் பக்க வயலில் கதிர் முற்றியிருந்தது.

"மாமா, என்ன பாட்டது?"
அவர் போனைத் திறந்தார்.
வரலாற்றை அழிக்கவா என்று அது கேட்டது.
கேட்கவைத்தது அவருடைய விரல்தான்,
ஓம் சொன்னதும் அதே விரல்தான்.
ஒவ்வொரு இரவும் வீட்டுக்குப் போகமுதல் செய்கிற வேலை.
ஏனென்று எங்களில் முப்பது தாண்டியவர்கள் கேட்கவில்லை.
யதுசிகா கேட்டாள்.
"மறிச்சுப் பாக்கிற இடங்கள் இருந்தது, பிள்ளை."
பாயைச் சுருட்டினார்.

இப்போது மூன்று மாதம்.
யதுசிகா போனுக்கு முனகிக் காட்டினாள்.
முதலில் துருக்கி என்றது, பிறகு சவர்க்கார விளம்பரம் என்றது.
மச்சாளுக்கு வொய்ஸ் போனது.
பரிஸில் ஒருத்தருக்கும் தெரியாதாம்.
டிலக்சன் மட்காட்டில் தட்டிப் பார்க்கிறான்,
ஒவ்வொரு முறையும் ஒரு அடி கூடுகிறது, அல்லது குறைகிறது.
ரீலோட் போட வருகிறவர்களிடம் நான்
அரை வரியைப் பாடிக் கேட்டு
மிச்சக் காசை மாற்றிக் கொடுத்துவிடுகிறேன்.

தேடின வழியில் என்னென்னவோ கிடைத்தன.
ஜெசிந்தா அக்கா ஆரும் சொல்லாமலே
ஒரு பாலைவனக் கிற்றாரைக் கண்டுபிடித்து
மச்சாளுக்கே அனுப்பினா.
இரண்டு நாளாய் நீலக்குறி விழவில்லை.
அதைவிட நல்லதென்று மற்றவர்கள் சொன்னதுமுண்டு.
ஆனால் அது இதில்லை.

மாமாதான் பாவம்.
அன்றைக்கு எழுதினதையே எழுதப் பார்க்கிறார்.
எந்த எழுத்தை விட்டேன், எங்கே கை வழுக்கியது,
எதைத் தொடாமல் விட்டதால் எது வந்தது.
அதே பிழையை
அதேமாதிரி விடுவது லேசில்லை.

பன்னிரண்டுக்கு இன்னும் ஐந்து நிமிடம்.
பாய்கள் முந்தியதைவிடக் கிட்டக் கிட்ட.
யதுசிகா எட்டிப் பார்த்து, "மாமா, அது ழ" என்கிறாள்.
"பேசாமல் இரு" என்கிறார்.